கால்க் ஆபி மாளிகை: பாழடைந்ததை பாழடைந்தபடியே காப்பாற்றலாமா?

தாழ்வாரம் எழுதியது:

இங்கிலாந்து மாளிகை என்றதும் பளபளக்கும் சரவிளக்கும் வரிசையில் நிற்கும் பணியாளர்களும் நினைவுக்கு வந்தால், இந்தத் திரி உங்களை ஏமாற்றும். நான் பேச வந்தது டெர்பிஷயரில் டிக்னல் என்ற ஊரை ஒட்டியிருக்கும் கால்க் ஆபி. பல அறைகளில் சுவர்ப்பூச்சு உரிந்து தொங்குகிறது. சில அறைகளில் கால் உடைந்த நாற்காலிகளும் பழைய பெட்டிகளும் குவிந்து கிடக்கின்றன. பழைய வீடுகளையும் நிலங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற பிரிட்டிஷ் அறக்கட்டளை 1985இல் இதை ஏற்றுக்கொண்டது. நாலு வருஷம் வேலை பார்த்து 1989இல் பொதுமக்களுக்குத் திறந்தது. அப்போதும் அந்த உரிந்த சுவருக்குப் புதுச்சாயம் அடிக்கவில்லை. எப்படிக் கிடைத்ததோ அப்படியே நிறுத்திவிட்டார்கள்.

முன்கதை சுருக்கமாக. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அகஸ்டினியத் துறவிகளின் சின்ன மடம் இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு நிலம் பல கை மாறி, 1622இல் ஹார்ப்பர் குடும்பத்திடம் வந்தது. ரிச்சர்ட் ஹார்ப்பர் என்ற 16ஆம் நூற்றாண்டு நீதிபதிதான் அந்தக் குடும்பத்தின் வளத்துக்கு வித்திட்டவர். வழக்காடிச் சேர்த்த பணம் நிலமானது, நல்ல சம்பந்தங்களால் அந்த நிலம் பெருகியது. இப்போது நாம் பார்க்கும் கட்டடம் 1701 முதல் 1704 வரை நான்காம் பாரனெட் (வாரிசுவழியில் வரும் பட்டம்) சர் ஜான் ஹார்ப்பர் கட்டியது. பழைய வீட்டை முழுதாக இடிக்காமல் அதைச் சுற்றியே புது முகப்பை எழுப்பினார்கள். தெற்கு வாசலில் உள்ள தூண் மண்டபம் மட்டும் நூறு வருஷம் கழித்து, 1806-08இல் வந்தது. துறவிமடம் என்று பொருள்படும் ‘ஆபி’ என்ற பெயரும் 1808இல் ஒட்டியதுதான். துறவிகள் போய் 250 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது!

வீட்டைவிட அதில் இருந்தவர்கள்தான் சுவாரசியம். இந்தக் குடும்பத்தில் ஓர் ஆள் விட்டு ஓர் ஆளுக்கு மனிதர்களைக் கண்டாலே ஆகாது. ஏழாம் பாரனெட் சர் ஹென்றியை ‘தனிமைப் பிரபு’ என்றே வரலாற்றில் சொல்கிறார்கள். வேலைக்காரர்களிடம்கூட நேரில் பேசாமல் சீட்டு எழுதித்தான் உத்தரவு கொடுப்பார் என்று அந்தக் காலத்திலேயே பேச்சு. பத்தாவதும் கடைசியுமான பாரனெட் சர் வான்சி ஹார்ப்பர் க்ரூ (1846–1924) இன்னும் ஒரு படி மேல். ஒரே வீட்டில் இருந்த சொந்த மகள்களுக்கே கடிதம் எழுதினார். அதில் ஒரு மகள் புகை பிடித்தது தெரியவந்ததும் வீட்டை விட்டே அனுப்பிவிட்டார். எஸ்டேட்டுக்குள் மோட்டார் கார் நுழையக் கூடாது என்பது அவர் சட்டம். காரில் வந்த விருந்தாளி வாசல் கேட்டிலேயே இறங்கி, அங்கிருந்து குதிரை வண்டியில்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் வாழ்ந்ததால்தான் அந்த வீட்டில் எதையும் யாரும் மாற்றவில்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஓர் அறை நிரம்பினால் கதவைச் சாத்திவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் வந்ததே 1962இல்தான்.

என் கேள்வி இதுதான். சிதிலத்தைச் சிதிலமாகவே காப்பாற்றியது சரியா? நான் சரி என்பேன். எதிர்க்கருத்து இருந்தால் வாருங்கள்.

---

பழுப்புநரி எழுதியது:

ஒரே வீட்டில் இருந்துகொண்டு மகளுக்குக் கடிதமா? எங்கள் வீட்டில் ஹாலில் நாலு பேரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வாட்ஸாப்பில்தான் பேசிக்கொள்கிறோம். வான்சி காலத்தை முந்தியவர்.

---

வடகரையான் எழுதியது:

நல்ல கதை, தாழ்வாரம் ஐயா. ஆனால் ஒன்று இடிக்கிறது. தலைமுறை தலைமுறையாக யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத பணக்காரர்கள், வீட்டைக் கவனிக்காமல் விட்டார்கள். அதைக் காப்பாற்ற அரசாங்கம் பணம் கொடுத்தது. கொடுத்த ஆண்டு 1984. இங்கிலாந்தில் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்த வருஷம். டெர்பிஷயரே சுரங்க மாவட்டம். மூடப் போகும் சுரங்கத்துக்கு மானியம் இல்லை, அந்த மாளிகையில் குவிந்து கிடக்கும் பாடம் செய்த பறவைகளுக்கு உண்டு என்றால் அந்த ஊர்க்காரன் என்ன நினைத்திருப்பான்?

சிதிலத்தைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்பது அப்புறம். யார் காசில் என்பதை முதலில் பேசுவோம்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வடகரையான் கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல வரிக் கணக்குக்குள் போக வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் 1894இல் எஸ்டேட் வரி வந்தது. சொத்துக்காரர் இறந்தால் அவர் விட்டுப்போன மொத்தத்தின் மீது வரி. ஆரம்பத்தில் உச்ச விகிதம் 8 சதவீதம். 1919இல் 40. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு 80 வரை போனது. கூடவே விளைபொருள் விலை விழுந்தது, வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் ராணுவமும் பள்ளிகளும் புகுந்த வீடுகள் நொறுங்கிக் கிடந்தன. விளைவு, மாளிகைகளை இடிக்க ஆரம்பித்தார்கள். 1955 வாக்கில் ஐந்து நாளைக்கு ஒன்று என்று விழுந்ததாகச் சொல்வார்கள். 1974இல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இப்படி அழிந்த வீடுகளை வைத்தே ஒரு கண்காட்சி நடத்தியது.

அடுத்தது மென்ட்மோர் டவர்ஸ். ரோத்ஸ்சைல்ட் குடும்பம் கட்டிய மாளிகை. மரணத்துக்குப் பிந்தைய வரியைத் தீர்க்க, வீட்டையும் உள்ளே இருந்த அத்தனை பொருட்களையும் 20 லட்சம் பவுண்டுக்கு அரசிடம் கொடுக்க வாரிசுகள் முன்வந்தார்கள். அரசு வேண்டாம் என்றது. 1977இல் ஏலம் போட்டபோது பொருட்கள் மட்டுமே 60 லட்சத்துக்கு மேல் போயின. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. அந்த அவமானத்தில் பிறந்ததுதான் 1980இல் வந்த தேசிய பாரம்பரிய நினைவு நிதி.

இப்போது கால்க். கடைசி பாரனெட்டின் பேரன் சார்ல்ஸ் ஹார்ப்பர் க்ரூ 1981இல் திடீரென்று இறந்தார். தோட்டத்தில் அகழெலிக்குப் பொறி வைத்துக்கொண்டிருந்தபோது. கல்யாணம் ஆகாதவர். வரிக்கான முன்னேற்பாடு எதுவும் செய்து வைக்கவில்லை. எஸ்டேட்டின் மதிப்பு சுமார் 1 கோடியே 40 லட்சம் பவுண்டு, அதன் மேல் வரி சுமார் 80 லட்சம். கட்டத் தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் 1,500 பவுண்டு வட்டி. தம்பி ஹென்றி தலையில் மொத்தமும் விழுந்தது.

அவர் நிலத்தைத் துண்டு போட்டு விற்று, வீட்டை ஹோட்டல்காரர்களிடம் கொடுத்திருக்கலாம். அதைச் செய்யாமல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடுக்க முயன்றார். டிரஸ்டோ, பராமரிப்புக்கு மூலதனம் இல்லாமல் எந்த வீட்டையும் வாங்காது. சேவ் பிரிட்டன்ஸ் ஹெரிட்டேஜ் என்ற அமைப்பு பிரசாரத்தில் இறங்கியது. 1984 பட்ஜெட்டில் நிதியமைச்சர் நைஜல் லாசன் கால்க்குக்காக என்றே 45 லட்சம் பவுண்டை அந்த நினைவு நிதிக்கு ஒதுக்கினார். ஒரு வீட்டின் பெயர் பட்ஜெட் உரையில் வருவது அபூர்வம்.

ஆக, மக்கள் காசு போனது உண்மைதான். ஆனால் வீட்டின் சொந்தக்காரருக்குப் போகவில்லை. வீடே அவர் கையை விட்டுப் போய்விட்டது.

கொசுறு: இந்தியாவிலும் எஸ்டேட் வரி இருந்தது. 1953இல் வந்து, உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போய், வசூல் செலவுக்கே சரியாகிறது என்று 1985இல் எடுத்துவிட்டார்கள். கால்க் டிரஸ்டிடம் போன அதே வருஷம்!

---

மஞ்சணத்தி எழுதியது:

எல்லோரும் பிரபுக்களைப் பற்றியே பேசுகிறீர்கள். அந்த வீட்டில் அவர்களைவிட எண்ணிக்கையில் அதிகம் இருந்தவர்கள் வேலையாட்கள்.

கால்க்கில் இரண்டு சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. ஒன்று வீட்டையும் மதுவடிக்கும் கூடத்தையும் இணைப்பது. இன்னொன்று தோட்டத்தில், தோட்டக்காரர்கள் வந்துபோக. மழைக்கு ஒதுங்கக் கட்டியதல்ல இது. ஜன்னலில் இருந்து பார்க்கும் ஐயாவின் கண்ணில் மண்வெட்டியும் கூடையுமாக ஓர் ஆள் பட்டுவிடக் கூடாது. அதற்காகப் பூமியைக் குடைந்திருக்கிறார்கள். டிக்னலில் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்தார்கள். அதைக் கொண்டுபோக 1802 வாக்கில் குதிரை இழுக்கும் டிராம் பாதை போட்டார்கள். அதுவும் மாளிகையின் வாசல் சாலை வந்ததும் பூமிக்குள் இறங்கிவிடும். காசு வரும் வழிகூடக் கண்ணில் படக் கூடாதாம்.

இதற்கு நேர் எதிராக ஒரு விஷயம். தாழ்வாரம் சொன்ன ‘தனிமைப் பிரபு’ ஹென்றி 1792இல் யாரைக் கல்யாணம் செய்தார் தெரியுமா? நானெட் ஹாக்கின்ஸ் என்ற பணிப்பெண்ணை. உறவும் ஊரும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. அவர் ஒதுங்கி வாழ்ந்ததற்குச் சுபாவம் பாதி என்றால் இந்தத் திருமணம் பாதி. ஊர் ஒதுக்கியவர் ஊரை ஒதுக்கினார், அவ்வளவுதான். அதையும் ‘விசித்திரம்’ என்ற ஒரே டப்பாவில் போட்டுவிடுகிறார்கள். நானெட் எழுதி வைத்தது ஏதாவது கிடைத்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அதே ஹென்றிதான் ஏதோ ஒரு மூதாதை வழியில் க்ரூ பிரபு பட்டம் தனக்கு வர வேண்டும் என்று கேட்டு, 1808இல் தன் குடும்பப் பெயரையே க்ரூ என்று மாற்றிக்கொண்டார். பட்டம் கிடைக்கவில்லை. மனிதர்களை வேண்டாம் என்றவருக்கு மனிதர்கள் கொடுக்கும் பட்டம் மட்டும் வேண்டியிருந்தது!

---

பழுப்புநரி எழுதியது:

மஞ்சணத்தி அக்கா, கடைசி வரி. 👏

---

தாழ்வாரம் எழுதியது:

மஞ்சணத்தி, சுரங்கப் பாதையை நீங்கள் எடுத்தது நல்லதாயிற்று. ஹென்றியைப் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். 1819இல் அவர் கோச்சு வண்டியிலிருந்து தூக்கி எறியப்பட்டு இறந்தார். பணிப்பெண் பெற்ற மகன் சர் ஜார்ஜ்தான் அடுத்த பாரனெட். அவர் பரம பக்திமான், நாடாளுமன்ற உறுப்பினரும்கூட. அவர் மகன் சர் ஜான் மாட்டுப் பிரியர். நீளக் கொம்புப் பசுக்களை வளர்த்துப் பரிசு வாங்கினார். அந்த மாட்டுத் தலைகள் இன்றும் நுழைவுக் கூடத்துச் சுவரில் வரிசையாக நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அவருக்குப் பிறந்தவர்தான் வான்சி.

வான்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம். அவருக்கு வெளியாள் யாரும் தேவைப்படவில்லை, ஓர் ஆளைத் தவிர. அகாதோஸ் பெக் என்ற தலைமை வேட்டைக் காவலர். இருவரும் சேர்ந்து பறவை, முட்டை, பட்டாம்பூச்சி என்று தேடி அலைந்தார்கள். மனைவி விருந்துக்கு ஆட்களை அழைத்தால் வான்சி பெக்குடன் காட்டுக்குள் மறைந்துவிடுவார். பாடம் செய்த பறவைகள் கண்ணாடிப் பெட்டிகளில் ஆயிரக்கணக்கில் சேர்ந்தன. நடைவழி, படுக்கையறை, வரவேற்பறை எல்லாம் அதுவே. சுடுவதும் அவர்தான், எஸ்டேட்டையே பறவைகளுக்கான சரணாலயம்போல் நடத்தியதும் அவர்தான். அந்தக் காலத்துப் பறவைப் பித்தர்கள் பலரிடம் இந்த முரண் இருந்தது.

ஒரே மகன் 1921இல் தந்தைக்கு முன்பே போய்விட்டான். 1924இல் வான்சி இறந்தார், பாரனெட் பட்டமும் அவரோடு முடிந்தது. வீடு மூத்த மகள் ஹில்டாவுக்கு வந்தது. அப்போதே வரி கட்ட வேண்டி வந்து, தந்தை சேர்த்த பறவைகளிலும் முட்டைகளிலும் ஒரு பகுதியை விற்றார். 1949இல் ஹில்டாவும் போனபின் தங்கை மகன் என்ற முறையில் வீடு சார்ல்ஸிடம் வந்தது. அவர் கணக்குப்பிள்ளை சொன்ன அகழெலிப் பொறிக்காரர். இவர்கள் காலத்தில் வாழ்க்கை சில அறைகளுக்குள் சுருங்கிவிட்டது. மற்றதெல்லாம் நம் வீட்டுப் பரண்போல் ஆனது. ஏற்றியது ஏற்றியபடியே கிடந்தது, இறக்குவார் இல்லை.

அந்தப் பரணில் கிடைத்த ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. டிரஸ்ட் ஆட்கள் 1980களில் பொருள் பட்டியல் எடுக்கும்போது, மரப்பெட்டிகளில் மடித்து வைத்த சீனப் பட்டு கிடைத்தது. ஓர் அரச கட்டிலின் திரைகள். 1734இல் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகள் ஆன் திருமணத்தில் மணப்பெண் தோழியாக நின்றவர் லேடி கரோலின் மேனர்ஸ். அதே ஆண்டு அவர் கால்க் குடும்பத்துக்கு மருமகளாக வந்தார். இளவரசி கொடுத்த பரிசாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். கட்டில் பெரிது, பட்டை விரித்து மாட்டவே இல்லை போலிருக்கிறது. வெளிப்பக்கத் திரை கருநீலம், உள்பக்கம் வெள்ளை. அதில் டிராகன், மான், பறவை, மரம், மனிதர்கள் என்று நெருக்கமான பூவேலை. மரத்தண்டுகளின் கணுக்களை மயிலிறகுத் தண்டை இழையாகச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். 250 வருஷம் வெளிச்சம் படாததால் நேற்று நெய்ததுபோல் நிறம் நிற்கிறது. அந்தக் காலத்து அரச கட்டில்கள் மற்ற மாளிகைகளில் எல்லாம் வெளுத்து, நைந்து, ஒட்டுப்போட்டு நிற்கின்றன. ஏனென்றால் அவற்றை யாரோ ‘நன்றாகப் பயன்படுத்தினார்கள்’.

---

ஓட்டுவீடு எழுதியது:

பழைய கட்டடப் பழுதுபார்ப்பில் இருப்பவன் என்ற முறையில் சில வார்த்தை.

பலர் நினைப்பதுபோல் ‘ஒன்றும் செய்யாமல் விட்டார்கள்’ என்பது கால்க்கில் நடக்கவில்லை. ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் இன்று கூரை கீழே இருந்திருக்கும். 1985இல் அங்கே கூரை ஒழுகியது, மரச்சட்டங்களில் உலர் அழுகல் ஏறியிருந்தது. உலர் அழுகல் என்பது ஒரு பூஞ்சை. சுவருக்குள் நூல் நூலாக ஓடி, பக்கத்து அறை மரத்தையும் தின்னும். அதை எடுக்க வேண்டுமானால் தரையைப் பெயர்க்க வேண்டும், மரப்பலகைச் சுவரைக் கழற்ற வேண்டும்.

எனவே முதலில் அறை அறையாகப் படம் எடுத்து, எந்தப் பொருள் எங்கே எப்படிக் கிடக்கிறது என்று பதிந்துகொண்டார்கள். பிறகு பொருட்களை வெளியேற்றி, கூரை, ஈயத் தகடு, வடிகால், உத்தரம் எல்லாம் சரிசெய்தார்கள். அதன்பின் உடைந்த நாற்காலியை அது உடைந்து கிடந்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். உரிந்த பூச்சை மேலும் உரியாதபடி பின்னாலிருந்து ஒட்டி நிறுத்துவது, புதிதாகப் பூசுவதைவிடப் பல மடங்கு வேலை. ஒரு பெயிண்டரை வைத்து ஒரு நாளில் முடிக்க வேண்டிய சுவரில், கைதேர்ந்த ஆள் வாரக்கணக்கில் பஞ்சும் தூரிகையுமாக நிற்க வேண்டும்.

அவர்கள் கொள்கை ‘பழுதுபார், புதுப்பிக்காதே’. நம்மூரில் கோயில் கல்மண்டபத்தில் மணலை வீசி அடித்துச் சுத்தம் செய்து, சிற்பத்தின் மூக்கும் விரலும் மழுங்கிப் போனதைப் பார்த்துப் பதறியவர்களுக்கு இந்தக் கொள்கையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

---

வடகரையான் எழுதியது:

ஓட்டுவீடு சொல்வதைப் படித்தபின் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்கிறது. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வீட்டைச் சரிசெய்து, குப்பையைத் திரும்ப அதே கோணத்தில் வைத்தால் அது நாடக அரங்கம் இல்லையா? 1985 என்ற ஒரு வருஷத்தை உறைய வைத்துவிட்டு, ‘இதுதான் உண்மையான வீடு’ என்கிறார்கள். சார்ல்ஸ் உயிரோடு இருந்திருந்தால் அடுத்த மாதமே அந்த நாற்காலி மேல் இன்னொரு பெட்டியைப் போட்டிருப்பார். தூசி படிவதுதானே அந்த வீட்டின் உயிர்? அதை நிறுத்திவிட்டீர்களே.

இன்னொன்று. இந்த மாதிரி மாளிகைகளில் பாதி நம் ஊரில் சுருட்டிய காசில் எழுந்தவை. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கக் காணோம்.

---

ஓட்டுவீடு எழுதியது:

அரங்கம் என்ற குற்றச்சாட்டு இருக்கட்டும், அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் மற்ற மாளிகைகளும் அரங்கம்தான். அங்கே 1760ஐ உறைய வைக்கிறார்கள். அதற்காக 1860இலும் 1930இலும் வாழ்ந்தவர்கள் செய்த மாற்றங்களைச் சுரண்டி எடுத்துவிடுகிறார்கள். கால்க்கில் எந்தத் தலைமுறையையும் சுரண்டவில்லை. எழுதி முடித்த பக்கத்தை அழித்துவிட்டு முதல் பத்தியை மட்டும் காட்டுவதைவிட, பாதியில் நின்ற பக்கத்தை அப்படியே காட்டுவது மேல் என்பது என் கட்சி.

அங்கே கேலிச்சித்திர அறை என்று ஒன்று உண்டு. அந்தக் காலத்து அரசியல் கேலிச்சித்திரங்களை வெட்டிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மங்கி, ஓரம் கிழிந்து இருக்கும். வேறு வீடாக இருந்தால் பேரன் காலத்தில் அதன்மேல் நாகரிகமான சுவர்க்காகிதம் ஏறியிருக்கும். இங்கே யாரும் அக்கறைப்படவில்லை, தப்பித்தது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வடகரையானின் இரண்டாவது கேள்விக்கு: கால்க்குக்கு அது பொருந்தாது. அந்தக் குடும்பம் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்கு இந்தியா வந்து சம்பாதித்த குடும்பம் இல்லை. நிலக் குத்தகை, சுண்ணாம்புக்கல், சீதனம், இவைதான் அடிப்படை. சுரண்டல் இல்லை என்று சொல்லவில்லை. சுரண்டப்பட்டவர்கள் டெர்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் குத்தகை விவசாயிகள்.

நீங்கள் சொல்வது பொருந்தும் வீடுகள் வேறு இருக்கின்றன. சென்னைக் கோட்டையில் 1698 முதல் 1709 வரை கவர்னராக இருந்த தாமஸ் பிட், இங்கே வாங்கிய ஒரு பெரிய வைரத்தை பிரான்ஸ் அரசுக்கு விற்றவர். கார்ன்வாலில் போக்கனாக் எஸ்டேட்டை வாங்கியதும் அவர்தான். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான இரண்டு பிட்டுகள் அவர் பேரனும் கொள்ளுப்பேரனும். வேல்ஸில் உள்ள போவிஸ் கோட்டையில் திப்பு சுல்தானின் கூடாரம் இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட், 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னை கவர்னர். அவர் வழியாகப் போனது. நேஷனல் டிரஸ்டே 2020இல் காலனி ஆதிக்கத்தோடும் அடிமை வணிகத்தோடும் தொடர்புள்ள 93 இடங்களைப் பட்டியலிட்டு அறிக்கை வெளியிட்டது. அதற்கு அங்கே கிளம்பிய எதிர்ப்பு தனிக் கதை.

எல்லா மாளிகையையும் ஒரே தராசில் போட்டால் உண்மையில் கொள்ளையில் எழுந்தது தப்பித்துவிடும்.

---

ட்ரென்ட்கரை எழுதியது:

நான் அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறேன். இத்தனை பேர் வீட்டைப் பற்றிப் பேசியும் பூங்காவைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே!

‘கால்க் கிழவன்’ என்று ஓர் ஓக் மரம். ஆயிரம் வருஷத்துக்கு மேல் வயது என்கிறார்கள். அடிமரம் உள்ளே குடைந்து கிடக்கிறது, மேலே இலை விடுகிறது. அந்தப் பூங்காவில் விழுந்த மரத்தை யாரும் விறகாக்கவில்லை. அதனால் பட்ட மரத்தை நம்பி வாழும் அரிய வண்டினங்கள் ஏராளம். அதற்காகவே பூங்கா தேசிய இயற்கைக் காப்பகம் ஆகியிருக்கிறது. பாருங்கள், வீட்டுக்குள் மரம் அரிக்கும் வண்டைக் கண்டால் ஊழியர்கள் அலறுகிறார்கள். வெளியே அதன் ஒன்றுவிட்ட சகோதரர்களுக்கு அரசு அந்தஸ்து.

பூந்தோட்டத்தில் ஒரு சின்ன அதிசயம் உண்டு. ஆரிகுலா என்ற பூச்செடிகளைத் தொட்டியில் வளர்த்து, படிக்கட்டு மாதிரி அடுக்குத் தட்டுகளில் வைத்துக் காட்டும் மாடம். நம் நவராத்திரிக் கொலு பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெகு சகஜமாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டுக்காரர்கள் இந்தப் பூவுக்கு இப்படி ‘தியேட்டர்’ கட்டினார்கள். அசல் மாடம் மிஞ்சியிருப்பது அபூர்வம். வசந்த காலத்தில் போனால்தான் ஆரிகுலா பூத்திருக்கும், கோடையில் வேறு செடி வைத்துவிடுவார்கள்.

மஞ்சணத்தி சொன்ன டிராம் சுரங்கத்துக்குள் இப்போது நடந்து போகலாம். தலையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மஞ்சணத்தி எழுதியது:

ட்ரென்ட்கரை, போய்வந்தவர் என்பதால் கேட்கிறேன். வேலையாட்கள் இருந்த பகுதியைப் பார்க்க விடுகிறார்களா, இல்லை மேல்தட்டு அறைகள் மட்டும்தானா?

---

ட்ரென்ட்கரை எழுதியது:

விடுகிறார்கள், அக்கா. பெரிய சமையலறை இருக்கிறது. குடும்பம் சுருங்கியதும் கைவிட்ட அறை அது. அடுப்பு, மேசை எல்லாம் அப்படியே. சுவரில் மேலே ஒரு பெரிய கடிகாரம், யாருக்கும் சாப்பாடு நேரம் தவறக் கூடாதே. மதுவடிக்கும் கூடத்துக்கான சுரங்கத்தின் வழியாகவும் பெரும்பாலும் அனுப்புவார்கள். ஆனால் வெளிச்சம் குறைவு. வீடு முழுக்கவே குறைவுதான், துணியும் காகிதமும் வெளுத்துவிடும் என்று திரை போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டுக் கட்டிலைக் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் மங்கலாக வைத்திருக்கிறார்கள். கண் பழக ஒரு நிமிஷம் நின்றால் கருநீலத்தில் டிராகன் தெரியும். அவசரப்படுகிறவர்கள் ‘ஒன்றுமே தெரியலையே’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

---

வடகரையான் எழுதியது:

கட்டிலுக்காக வேண்டுமானால் போகலாம். 45 லட்சம் பற்றி என் கருத்தில் மாற்றமில்லை. அந்த மாவட்டத்துச் சுரங்க ஊர்கள் அடுத்த பத்து வருஷத்தில் என்ன ஆயின என்று தனித் திரி போடுகிறேன், கணக்குப்பிள்ளை அங்கேயும் வர வேண்டும்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

வருகிறேன். அதே கையோடு கெடில்ஸ்டன் ஹாலுக்கும் ஒரு திரி போடுங்கள். கால்க் இருக்கும் அதே டெர்பிஷயர்தான். வைஸ்ராய் கர்சன் பிறந்து வளர்ந்த வீடு. கல்கத்தா கவர்னர் மாளிகையை அதன் மாதிரியில்தான் 1803இல் கட்டி முடித்தார்கள். பிறந்த வீட்டைப் பார்த்துக் கட்டிய மாளிகைக்கே கர்சன் பின்னால் வைஸ்ராயாக வந்து உட்கார்ந்தார். அங்கே நீங்கள் கேட்ட இந்தியக் கணக்கை வரிக்கு வரி பார்க்கலாம்.

---

தாழ்வாரம் எழுதியது:

கெடில்ஸ்டனை நான் ஆரம்பிக்கிறேன். கர்சன் கிழக்கிலிருந்து கொண்டுபோன பொருட்களின் அருங்காட்சியகம் அந்த வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். இந்தத் திரியில் கால்க் பற்றி மட்டும் தொடருங்கள். நானெட் ஹாக்கின்ஸ் பற்றி யாரிடமாவது மேலும் தகவல் இருந்தால் மஞ்சணத்தியும் நானும் காத்திருக்கிறோம்.